மூக்கு எப்படி வைக்கிறது? ஆதிமனிதன் படத்தில் எலும்பு சொன்னதும் ஓவியர் சேர்த்ததும்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடம். மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற மே மாதம். பள்ளி திறப்பதற்குள் ஆய்வகத்துச் சுவரில் ‘மனிதன் வந்த வழி’யை வரைந்து முடிக்க ஒரு பெயிண்டரைப் பிடித்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் கட்சிச் சுவர்களும் கடை போர்டுகளும் எழுதியவர். இப்போது முனியப்பன் கோயில், வேடியப்பன் கோயில் வேலைகளில் பிழைப்பு ஓடுகிறது. அறிவியல் எழுதுகிறவன் என்பதால் தலைமையாசிரியர் என்னையும் ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். நான் போனபோது பெயிண்டர் சாக்பீஸில் நான்கு ஆள் அவுட்லைன் போட்டுவிட்டு, செல்போனில் ஒரு மண்டையோட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மூக்கு இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஓட்டைதான இருக்குது. இதுக்கு மூக்கு எப்படிங்க சார் வெக்கிறது?”

உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் மெழுகிலும் சிலிக்கோனிலும் ஆதிமனிதரைச் செய்து நிறுத்துகிறவர்களும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். மூக்கின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, மண்ணில் தங்காது. காதும் அப்படித்தான். உதடு, இமை, தோல், முடி எதுவும் மிஞ்சாது. கிடைப்பது எலும்பும் பல்லும், அதுவும் பெரும்பாலும் உடைந்த துண்டுகளாக. நாம் ஒரு முகத்தைப் பார்த்ததும் முதலில் கவனிப்பவை எவையோ, அவைதான் முதலில் மட்கிப் போகின்றன.

அதற்காக எல்லாமே கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. மூக்கையே எடுத்துக்கொள்வோம். மண்டையோட்டில் அந்த ஓட்டையின் அகலம் தெரியும். மேலே உள்ள சின்ன மூக்கெலும்பு எந்தச் சரிவில் இறங்குகிறது என்று தெரியும். ரஷ்யாவில் மண்டையோடுகளின்மேல் களிமண் பூசி முகங்களைச் செய்த மிகயீல் கெராசிமோவ் ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஓட்டையின் அதிகபட்ச அகலம் மூக்கின் முழு அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு. இன்றைய மனிதருக்கு இது ஏறத்தாழ ஒத்துவருகிறது. பின்னால் போகப் போகக் கணக்கு தளரும். 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்த ஆஸ்ட்ரலோபித்தேகஸ் இனங்களின் மூக்கெலும்பு முகத்தோடு தட்டையாகப் படிந்து கிடக்கிறது. குரங்கினத்துக்கு இருப்பது போல. வெளியே துருத்திய மூக்கு, பின்னால் வந்த ஹோமோ எரெக்டஸ் என்ற மனித இனத்தின் காலத்தில்தான் வருகிறது. “அப்படின்னா மொத ஆளுக்குத் தண்டு கெடையாது, ரெண்டு ஓட்டைதான்” என்று பெயிண்டர் உடனே புரிந்துகொண்டார். சுவரில் முதல் உருவத்துக்கு அவர் எடுப்பான மூக்கு ஒன்று போட்டிருந்தார். அழித்தார்.

முகத்தைத் திரும்பக் கட்டும் முறைக்கு வயது நூறுக்கு மேல். 1895ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலாளர், இசைமேதை பாக்கினுடையது என்று கருதப்பட்ட மண்டையோட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இறந்தவர்களின் முகத்தில் ஊசி குத்தி, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று அளந்து, அந்த அளவுப்படி மண்டையோட்டு அச்சின்மேல் களிமண் ஏற்றினார்கள். இன்று ஊசிக்குப் பதில் சி.டி. ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும். வேலையின் அடிப்படை மாறவில்லை: சதைத் தடிமனைக் காட்ட அச்சில் அங்கங்கே ஆப்பு நடுவது, எலும்பில் தசை பற்றியிருந்த வரம்பு தெரிகிற இடங்களில் தசையை வைப்பது, மேலே கொழுப்பு, அதற்குமேல் தோல். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை இடுகாட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2025ல் இப்படித்தான் முகம் கொடுத்தன. அந்தப் படங்கள் வந்த வாரம் வாட்ஸப்பில் ‘எங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு’ என்று எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அவர்கள் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள், நம் இனம். சதைத் தடிமனுக்கு நம் அளவையே எடுத்துக்கொள்ளலாம்.

லூசிக்கு யாருடைய அளவை எடுப்பது? 1974ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள அந்த எலும்புக்கூட்டின் இனத்தில் இன்று அளந்து பார்க்க ஒரு முகமும் இல்லை. மனிதனின் அளவைப் போட்டால் ஒரு முகம் வரும். சிம்பன்சியின் அளவைப் போட்டால் வேறு முகம். ஆஸ்திரேலியாவின் ரயன் கேம்பெல்லும் சக ஆய்வாளர்களும் 2021ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. 1924ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, டாங் குழந்தை என்று பெயர் பெற்ற ஆஸ்ட்ரலோபித்தேகஸ் மண்டையோட்டுக்குக் குரங்குச் சாயலில் ஒரு முகம், மனிதச் சாயலில் ஒரு முகம் என்று இரண்டு செய்து காட்டினார்கள். எலும்பு ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குழந்தை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லூசி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவள் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆனால் தலையில் கிடைத்தது கீழ்த்தாடையும் சில மண்டையோட்டுத் துண்டுகளும்தான். அவள் இனத்தின் ஓரளவு முழுமையான மண்டையோடு ஒன்று 1992ல்தான் கிடைத்தது, அதுவும் ஒரு ஆணுடையது. ஆக, புத்தகங்களில் நாம் பார்க்கும் லூசியின் முகம் பிற எலும்புகளிடம் கடன் வாங்கியது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கிற நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாடு மீட்கப் போய் விழுந்த வீரன் ஒவ்வொருவனும் வேறு ஆள். கல்லில் உள்ள முகம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆளைச் சொல்வது பக்கத்தில் உள்ள எழுத்து. லூசியின் முகமும் நடுகல் முகம்தான்.

கழுத்துக்குக் கீழே நிலைமை பரவாயில்லை. தொடையெலும்பு முழங்காலில் உள்ளே சாய்ந்து சேரும் கோணம், கிண்ணம் போன்ற இடுப்பெலும்பு இவையெல்லாம் லூசி இரண்டு காலில் நடந்தாள் என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்கின்றன. தான்சானியாவின் லேடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித் தடங்களும் அதற்குச் சாட்சி. உயரமும் கணக்குப் போடலாம்: மூன்றரை அடி. பெயிண்டர் அவளை ஐந்தடிக்கு வரைந்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் தோளை அளவாகக் காட்டினேன்.

உடம்பை எலும்பு இவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் வரைகிறவர் கேட்காமல் போகலாம். பிரான்சில் லா ஷப்பேல் ஓ சேன் என்ற ஊரில் 1908ல் ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூடு கிடைத்தது; நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம் அது. பல் பெரும்பாலும் கொட்டிப்போன ஒரு வயசாளி. பாரிஸில் அதை ஆராய்ந்த மார்செலின் பூல், முழங்கால் மடங்கி, தலை முன்னால் தொங்கி, பாதி குரங்காக நடந்த பிராணி என்று முடிவு கட்டினார். 1909ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காக ஃப்ரான்டிசெக் குப்கா வரைந்தார்: உடம்பெல்லாம் ரோமம், கையில் தடி, குகைவாசலில் கூனிக்கொண்டு எதையோ முறைக்கும் மிருகம். இரண்டே ஆண்டு கழித்து லண்டன் பத்திரிகை ஒன்றில், ஆர்தர் கீத் என்ற உடற்கூற்றியலாளரின் சொல்லைக் கேட்டு அமெடி ஃபோரெஸ்டியே வரைந்தார்: நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தில் மாலையோடு, நிதானமாகக் கல் செதுக்கும் ஒரு மனிதர். நம் ஊர்த் திண்ணையில் கயிறு திரிக்கும் கிழவர் மாதிரி. ஆள் அதே ஆள்.

ஜெயித்தது தடிதான். அடுத்த அரை நூற்றாண்டுக்கு நியாண்டர்தால் என்றாலே கூனல் என்றாகிவிட்டது. 1957ல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் அதே எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் கடுமையான மூட்டுவாதம் தெரிந்தது. குளிப்பாட்டி, சவரம் செய்து, இன்றைய உடுப்பும் மாட்டிவிட்டால் நியூயார்க் பாதாள ரயிலில் அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்கிற பொருளில் எழுதினார்கள். பூலின் தவறுக்கு மூட்டுவாதம் மட்டும் காரணமில்லை. நம் மூதாதை வரிசையில் இந்த ஆள் இருக்கக்கூடாது என்று அவர் முதலிலேயே நினைத்துவிட்டார் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. 2010ல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் வரைவு வந்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லோருக்குள்ளும் அவர்களின் பங்கு ஓரிரு சதவீதம் இருப்பது தெரிந்தது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களும் இதில் சேர்த்தி.

நியாண்டர்தாலைக் கௌரவமாக வரைந்த அந்த ஃபோரெஸ்டியே, 1922ல் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, ஹென்றி ஆஸ்போர்ன் என்ற பெரிய விஞ்ஞானி அமெரிக்காவுக்கும் ஓர் ஆதிமனிதக் குரங்கு உண்டு என்று அறிவித்தார். ஃபோரெஸ்டியே அதற்கு ஆணும் பெண்ணும் வரைந்து, பின்னால் மேய்கிற விலங்குகளையும் வரைந்து, பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டார். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கிய கதை. 1927ல் ஆஸ்போர்னின் சக ஆய்வாளரே பல் யாருடையது என்று எழுதிவிட்டார்: பெக்காரி என்ற, பன்றியைப் போன்ற பிராணியுடையது. ஒரு பல்லுக்குக் குடும்பமே வரைந்தது பிழை என்பார்கள். என்னைக் கேட்டால், படத்தில் எந்தக் கோடு ஆதாரத்திலிருந்து வந்தது, எது ஓவியரின் கையிலிருந்து வந்தது என்று பார்க்கிறவருக்குக் காட்ட வழியே வைக்காததுதான் பெரிய பிழை. நல்ல ஓவியம் எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு காட்டிவிடுகிறது. முழங்காலும் மூக்கு நுனியும் ஒரே பிரஷ்தானே.

வர்ணம் கலக்கும்போதுதான் அந்தப் பையன் வாயைத் திறந்தான். “சார், மொத ஆளு எதுக்குக் கறுப்பா இருக்கறான், கடைசி ஆளு எதுக்குச் செவப்பா இருக்கறான்?”

“சார்ட்ல அப்படித்தான்டா போட்டிருக்குது” என்றார் பெயிண்டர்.

“அப்ப நானு எத்தனாவது ஆளு?”

கறுத்த குரங்கிலிருந்து வெளுத்த ஐரோப்பியர் வரை படிப்படியாக நிறம் தெளியும் அந்த வரிசையை ஸ்டேஷனரி கடைச் சார்ட்டுகளில் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். வரிசையாக நடந்துவரும் வடிவம் பரவியது 1965ல் ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்த 15 உருவங்களின் படத்திலிருந்து. அதற்குப் பிறகு அதை நகலெடுத்தவர்கள் நான்கைந்து உருவமாகச் சுருக்கி, ஏணியாக்கிவிட்டார்கள். உண்மையில் அது ஏணியே கிடையாது, வேலிக்காத்தான் புதர் மாதிரி கிளைத்துக் கிடப்பது. நிறமோ தலைகீழ். சிம்பன்சியின் ரோமத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் வெளிர் நிறம். ரோமம் குறைந்து வெயில் நேராகத் தோலில் விழத் தொடங்கிய பிறகுதான் நம் முன்னோருக்குக் கறுப்பு அவசியமாயிற்று. குறைந்தது 12 லட்சம் ஆண்டுகளாக அது இருந்திருக்கிறது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதில் மிகப் பெரும்பகுதிக்கு எல்லோரும் கறுப்பர்கள். ஐரோப்பாவில் வெளிர் தோல் பரவலானது கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த சங்கதி. இங்கிலாந்தில் கிடைத்த, சுமார் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய செடார் மனிதனுக்குக் கறுத்த தோல் இருந்திருக்கும் என்று 2018ல் மரபணு ஆய்வு சொன்னபோது அங்கே பத்திரிகைகள் அதிர்ந்துபோயின.

செடார் மனிதனின் முகத்தைச் செய்தவர்கள் நெதர்லாந்தின் இரட்டையர்களான கென்னிஸ் சகோதரர்கள். ஆல்ப்ஸ் பனியில் 1991ல் கிடைத்த ஓட்ஸி என்ற மம்மிக்கும் 2011ல் அவர்கள்தான் உருவம் செய்தார்கள்: வெளுத்த தோல், நீண்ட தலைமுடி, தாடி. 2023ல் ஓட்ஸியின் மரபணுத் தொகுதியை மறுபடி முழுதாகப் படித்ததில், அவர் அதைவிட நன்றாகக் கறுத்தவர், தலை வழுக்கை விழும் வாய்ப்பும் அதிகம் என்று வந்தது. இதில் வேடிக்கை, மம்மியின் தோல் ஆரம்பத்திலிருந்தே கறுப்பாகத்தான் இருந்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பனியில் கிடந்ததால் கறுத்திருக்கும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். ஆளே முழுசாக எதிரில் கிடந்தும் இந்தக் கதி என்றால், வெறும் எலும்பை வைத்துக்கொண்டு நிறம் சொல்கிறவர்களை என்ன சொல்ல?

பெயிண்டர் நான்கு உருவத்துக்கும் நிறம் மாற்றினார். நான்காவது ஆள் பையன் நிறத்துக்கு வந்தான். தலைமையாசிரியர் ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் கவலையெல்லாம் இடுப்பில் இலை கட்டியாயிற்றா என்பதில் இருந்தது. உடை எப்போது வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பேனிடமிருந்து. துணியில் குடியிருக்கும் உடல்பேன், தலைப்பேனிலிருந்து பிரிந்த காலத்தை மரபணு மூலம் கணக்கிட்ட 2011 ஆய்வு ஒன்று, சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் உடுத்தத் தொடங்கியிருக்கலாம் என்கிறது. லூசிக்கு இலையாடை கட்டுவது நம் கூச்சத்துக்காக. பள்ளிக்கூடச் சுவர் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

படங்களில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். டயன் கிஃபோர்ட் கொன்ஸாலஸ் என்ற தொல்லியலாளர் 1993ல் ஆதிமனிதப் படங்களைத் தொகுத்துப் பார்த்து, பெண் எப்போதும் தரையில் மண்டியிட்டுத் தோல் சுரண்டிக்கொண்டே இருப்பதைக் காட்டினார். நம் சுவரிலும் ஒருத்தி குழந்தையோடு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போயிருக்கிறது.

கண்ணுக்கு வந்தபோது அவர் வேலையை நிறுத்தினார். சாமி சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தான். திறந்துவிட்டால் உயிர் வந்துவிடும் என்பது தொழில் நம்பிக்கை. முனியப்பனுக்கு வெள்ளை விழி பளிச்சென்று இருக்க வேண்டும். ஆதிமனிதனுக்கு? பெரும்பாலான குரங்கினங்களில் விழிவெண்படலம் பழுப்பு. நமக்கு வெள்ளை, அதனால் எங்கே பார்க்கிறோம் என்று அடுத்தவருக்குத் தெரிகிறது. எந்த இனத்தில் அது வெளுத்தது என்று எலும்பு சொல்லாது. வெள்ளை வைத்தால் பார்க்கிறவருக்கு ‘நம்மாள்’ என்று தோன்றும், பழுப்பு வைத்தால் மிருகம் என்று. அருங்காட்சியகச் சிலையில் உயிர் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில் பாதி இந்த ஒரு சொட்டு வெள்ளையில் இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெயிண்டர் மல்லச்சந்திரம் கல்திட்டைகளைப் பற்றிப் பேச்செடுத்தார். பலகைக் கல்லை நிறுத்தி, மேலே மூடுகல் போட்டு, முன்னால் ஒரு வட்ட ஓட்டை வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். குள்ளர் வீடு என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. “அந்த ஓட்டையில நம்ம மாதிரி ஆளு நொழைய முடியாதுங்க. அதனால குள்ளமான ஆளுங்க இருந்திருப்பாங்கன்னு எங்க பாட்டி சொல்லும்.” பாட்டி செய்ததும் மறுகட்டமைப்புதான்: வீட்டின் அளவிலிருந்து ஆளின் அளவு. கணக்கில் பிழையில்லை, வீடு என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை, அது இறந்தவர்களுக்கானது. மூன்றரை அடிக் குள்ளர்கள் உலகத்தில் இருந்ததும் உண்மை. 2003ல் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் கிடைத்த ஹோமோ ஃபுளோரசியென்சிஸ் அந்த உயரம்தான். பாட்டியின் ஆட்கள் இடம்தான் மாறிவிட்டார்கள்.

சரி, நம் பக்கத்து ஆதிமனிதனை வரையலாமா? 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை எடுத்தார்; அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வுப்படி அத்திரம்பாக்கக் கற்கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டு முந்தியவை. கருவி ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. அதைச் செய்தவரின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியா முழுக்க உறுதியாகச் சொல்லக்கூடிய தொல்மனிதத் தலை என்றால் 1982ல் அருண் சோனாகியா நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கண்டெடுத்ததுதான். அதிலும் மண்டையோட்டின் மேல்பகுதிதான், தாடை இல்லை, பல் இல்லை. இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் சொன்ன நம் மாவட்டத்து மயிலாடும்பாறை எல்லாம் இந்தக் கணக்கில் நேற்று நடந்தது.

பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த ஆட்களை நினைத்துக்கொண்டேன். குதிரைமேல் இருவர் சண்டை போடுகிறார்கள். கை, கால், ஆயுதம், வேகம் எல்லாம் இருக்கிறது. கண் கிடையாது, மூக்கு கிடையாது. இதைப் பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, அத்திரம்பாக்கக் கைக்கோடரியின் படத்தையும் செல்போனில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

நான்கு நாள் கழித்துப் போனபோது முடித்திருந்தார். கைக்கோடரி பிரமாதம். ஒவ்வொரு சில்லு பெயர்த்த இடமும் தனித்தனியாக, நிழல் கட்டி, தொட்டால் விரலைக் கீறும் போல இருந்தது. அதைப் பிடித்திருந்த ஆள் நமக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“திருப்பி நிறுத்திட்டேன் சார். மூக்கு, கண்ணு, ஒதடு ஒண்ணும் வேணாம் பாருங்க. காது மட்டும்தான் இடிச்சுது. அதையும் முடியைப் போட்டு மறைச்சுட்டேன்.”

முடிக்கும் ஆதாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை.